கல்முனையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை: சிறையில் ஆள் இருக்கும் குடும்பங்களுக்காக ஒரு மதிப்பீடு

கல்முனை நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்னக் கடைகளுள் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்பீடு. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மடக்குக் கதவுக்கு மேலே ‘போட்டோக்கொப்பி, தட்டச்சு, லெமினேட், ரீலோட்’ என்று நீல மையில் எழுதியிருப்பதே அதன் அடையாளம். நீதிமன்றம் உள்ள எந்த ஊரிலும் இப்படி நாலு கடை இருக்கும். அவற்றுக்கெல்லாம் யாரும் மதிப்பீடு எழுதுவதில்லை. விளக்கமறியலிலோ (வழக்கு முடியுமுன் வைக்கும் காவல்) தண்டனையிலோ வீட்டு ஆள் ஒருவர் அடைபட்டிருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கடை கொரோனாக் காலத்தில் செய்துகொடுத்த வேலையும், இன்றைக்கும் செய்துகொடுக்கும் வேலையும் வேறொரு தரத்தவை என்பதால் எழுதுகிறேன். கடைக்காரர் தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் அறுபது வயதைத் தாண்டிய முஸ்லிம் பெரியவர். தமிழரும் முஸ்லிம்களும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுகிறார்கள். சட்டத்தரணி ஒருவரிடம் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்துவிட்டுப் பிறகு கடை போட்டவர். ஆகவே பிணைக் கட்டளையில் எந்த நிபந்தனை எங்கே இருக்கும், பதிவாளர் அலுவலகத்தில் எத்தனை மணிக்குப் பிறகு பணம் ஏற்கமாட்டார்கள், கிராம உத்தியோகத்தர் கொடுத்த வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் விடுபட்டால் என்ன நடக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சட்ட ஆலோசனை சொல்வதாக அவர் ஒருநாளும் காட்டிக்கொள்வதில்லை. “அது லோயர் சொல்ல வேண்டியது, கடதாசி மட்டும்தான் நம்முட வேல” என்பார். ஆனால் சிறைக்குள் இருக்கும் ஏழை ஒருவர் வெளியே வருவதும் வராததும் பெரும்பாலும் அந்தக் கடதாசியில்தான் தங்கியிருக்கிறது என்பது 2020 இல் எங்கள் பகுதிக்கு நன்றாகவே தெரியவந்தது.

கரையோரத்து இடக்கிடப்பைக் கொஞ்சம் சொன்னால்தான் இந்தக் கடையின் தேவை விளங்கும். அம்பாறை மாவட்டத்தின் கரையில் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நீதிமன்றங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் விளக்கமறியல் கட்டளை பிறந்ததும் எங்கள் பக்கத்து ஆட்களைப் பெரும்பாலும் ஏற்றிக்கொண்டு போவது மட்டக்களப்புச் சிறைச்சாலைக்கு. கல்முனையிலிருந்து அது ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பொத்துவிலிலிருந்து போகிறவருக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். (மூத்தவர்களிடம் அந்தச் சிறையின் பெயரைச் சொன்னால், வெலிக்கடைப் படுகொலைக்குத் தப்பி அங்கே மாற்றப்பட்ட அரசியல் கைதிகள் 1983 செப்டெம்பர் 23 இல் உடைத்துக்கொண்டு வெளியேறிய கதையைத்தான் முதலில் சொல்வார்கள். இன்றைக்கு அங்கே அடைபடுகிறவர்களின் கதை கசிப்பு என்ற கள்ளச்சாராயம், போதைத் தூள், அனுமதியில்லாமல் மண் ஏற்றியது, கட்ட முடியாத தண்டப்பணம் என்று போகிறது.) வழக்கு ஒரு மாவட்டத்தில், ஆள் இன்னொரு மாவட்டத்தில் என்ற இந்த ஏற்பாடு சாதாரண காலத்தில் பஸ் காசையும் ஒரு நாள் கூலியையும் தின்றது. 2020 மார்ச் 20 இல் நாடு முழுவதும் ஊரடங்கு போட்டபோது அது குடும்பத்தை முற்றாகவே துண்டித்துவிட்டது. பெரியநீலாவணையைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். தாண்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். சிறையிலோ பார்வையிடலே நிறுத்தப்பட்டிருந்தது.

அந்த மாதம் சிறைகளின் நிலை என்னவென்பது பதிவில் உள்ளது. ஏறத்தாழ 10,000 பேருக்கான இடத்தில் 26,000 க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கைதிகள் முறை வைத்துத் தூங்குவதையும், இடமில்லாமல் மலசலகூடத்தில் படுப்பதையும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் சிறைச்சாலை ஆய்வு எழுதிவைத்திருக்கிறது. வெளியே எங்களுக்கு ஒரு மீற்றர் இடைவெளி விட்டு நிற்கும்படி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில் உள்ளே ஒருவர் திரும்பிப் படுப்பதானால் பக்கத்தில் கிடந்தவரும் திரும்ப வேண்டியிருந்தது. ஊரடங்கு தொடங்கிய மறுநாள், மார்ச் 21 இல், அநுராதபுரம் சிறையில் நோய்ப் பயத்தால் எழுந்த குழப்பத்தில் கைதிகள் இருவர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தி தொலைபேசியில் வந்ததிலிருந்து எங்கள் ஒழுங்கையில் உள்ள மாமி ஒருவருக்குத் தூக்கமில்லை. அவருடைய மகன் கசிப்பு வழக்கில் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போயிருந்தார். நான் காக்காவின் கடைக்குப் போனது அந்த மாமிக்காகத்தான்.

ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தாலும் அதன் பின்புறமே காக்காவின் வீடு என்பதால் ஒழுங்கைப் பக்கத்துக் கேற்றில் தட்டினால் போதும். மாமி, முழுத் தண்டப்பணத்தையும் கட்டினால்தான் விடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். அத்தனை காசு அவரிடம் இல்லை; தோட்டை அடகு வைக்கலாம் என்றால் அடகுக் கடையும் பூட்டு. காக்கா அவரைக் கதிரையில் இருத்தி, “அக்கா, தண்டம் எவ்வளவு? கட்டாட்டி எத்தன மாசம் எண்டு தீர்ப்பு? உள்ளுக்குப் போய் இண்டைக்கு எத்தன நாள்?” என்று மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார். பிறகு கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போடத் தொடங்கினார். எங்களுக்கு அதுவரை தெரியாதிருந்த விடயம் இதுதான்: தண்டப்பணம் கட்டத் தவறியதற்காகச் சிறையில் இருப்பவர் இருந்து முடித்த நாட்களுக்குரிய பங்கு தண்டத்தில் கழிகிறது, எஞ்சிய பங்கை எந்த நாளில் கட்டினாலும் அன்றைக்கே அவருடைய சிறைவாசம் முடிகிறது. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் உள்ள ஏற்பாடு அது. 30,000 ரூபாவுக்கு 90 நாள் என்று தீர்ப்பிருந்து 60 நாள் கழிந்திருந்தால், 10,000 ரூபா கட்டினால் ஆள் வெளியே வரலாம். மாமியின் மகனுக்கு எஞ்சியிருந்த தொகை ஒழுங்கைக்குள் சேர்க்கக்கூடிய தொகையாகவே இருந்தது, சேர்த்தோம்.

இந்த ஏற்பாட்டை யாரும் மறைத்து வைத்திருக்கவில்லை, அது சட்டப் புத்தகத்தில் அச்சாகியே இருக்கிறது. ஆனாலும் தண்டனை விதிக்கும் நாளில் எழுத்தில் ஒரு துண்டு கொடுத்து, ‘இன்ன திகதியில் இவ்வளவு கட்டினால் போதும்’ என்று குடும்பத்துக்குச் சொல்லும் வழக்கம் எங்கும் இருப்பதாக நான் காணவில்லை. இலங்கைச் சிறைகளுக்குத் தண்டனை பெற்று வருகிறவர்களில் பெரும் பங்கினர் தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள் என்பது சிறைச்சாலைத் திணைக்களம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிபரத்திலேயே தெரிகிறது. அப்படியானால், கலண்டர் தாளில் போட்ட அந்தக் கணக்கை நாட்டின் ஒவ்வொரு சிறை வாசலிலும் ஒரு மேசை போட்டுச் செய்திருந்தால், 2020 மார்ச்சில் எவரது மன்னிப்புக்கும் காத்திராமல் எத்தனையோ பாய்கள் காலியாகியிருக்கும்.

அரசு செய்ததைச் சொல்லாமல் விடுவதும் நியாயமில்லை. மார்ச் 17 முதல் ஏப்ரல் 4 வரை 2,961 பேர் விடுவிக்கப்பட்டதாக ஜனாதிபதி ஊடகப் பிரிவு அறிவித்தது. சிறு குற்றங்களுக்காக உள்ளே இருந்தவர்களைப் பிணையில் விடும் ஏற்பாடு அது. அதே காலத்தில் இந்திய உச்ச நீதிமன்றம், மார்ச் 23 இல், மாநிலந்தோறும் உயர்மட்டக் குழு அமைத்து ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனைக்குரிய வழக்குகளில் உள்ளவர்களை வெளியே விடுவதைப் பரிசீலிக்கச் சொன்னது. ஈரான் ஏறத்தாழ 85,000 பேரைத் தற்காலிகமாக வெளியே அனுப்பியது. எங்கள் நாட்டுப் பட்டியல் சிறியதுதான் என்றாலும் வேண்டிய பட்டியல். குறை என்னவென்றால், பட்டியலில் பெயர் வருவதும் ஆள் வீட்டுக்கு வருவதும் ஒன்றல்ல. சரீரப் பிணைக்கு இரண்டு பேர் வேண்டும். அவர்களுக்கு அடையாள அட்டைப் பிரதியும் வதிவிடச் சான்றிதழும் வேண்டும். சான்றிதழ் எழுத வேண்டிய கிராம உத்தியோகத்தர் அந்த வாரம் நிவாரணப் பட்டியலோடும் தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளோடும் அலைந்துகொண்டிருந்தார். பிணையாளர் நீதிமன்றத்துக்கு வர ஊரடங்கு அனுமதி வேண்டும். 1997 ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்று சொல்கிறது. நடைமுறையில் விதிக்கும் விலக்குக்கும் நடுவில் இரண்டு போட்டோக்கொப்பியும் ஒரு றப்பர் முத்திரையும் நின்றுகொண்டிருந்தன.

காக்காவின் சேவைக்கு நான் அதிக புள்ளி கொடுப்பது இந்த இடத்தில்தான். பிணையாளருக்கு வேண்டிய கடதாசிகளை அவர் ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுப்பார். சான்றிதழில் உள்ள பெயர் எழுத்தும் அடையாள அட்டையில் உள்ள பெயர் எழுத்தும் பொருந்துகின்றனவா என்பதைத் தாமே பார்ப்பார். ‘தருமலிங்கம்’ ஓரிடத்தில் ‘தர்மலிங்கம்’ ஆகியிருந்தால் அன்று பிணை கிடைத்தும் ஆள் வராமல் போகலாம் என்பதை அனுபவத்தில் கண்டவர். ஊரடங்கு அனுமதிக்குப் பொலிசுக்கு எழுதும் கடிதத்தில் வழக்கு இலக்கத்தையும் நீதிமன்றத்தையும் முதல் வரியிலேயே போடுவார். ஆள் வெளியே வந்த பிறகு எப்படி ஊர் சேர்வார் என்பதையும் யோசிப்பார். பஸ் ஓடாத அந்த நாட்களில் மரக்கறி லொறிகளுக்கு மட்டும் மாவட்ட எல்லை திறந்திருந்தது. மாமியின் மகன் ஊர் வந்து சேர்ந்தது அப்படியொரு லொறியில், கோவா மூட்டைகளுக்கு நடுவில். லொறிக்காரருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தவர் காக்கா. அதற்கு அவர் ஒரு சதமும் வாங்கவில்லை.

இதோடு ஒப்பிட வேண்டிய இன்னொரு ‘சேவை’யும் அந்தக் காலத்தில் இருந்தது. சிறைக்குள் ஆள் இருக்கும் வீடுகளைத் தேடித் தொலைபேசியில் அழைத்து, அடுத்த விடுதலைப் பட்டியலில் பெயர் போட்டுத் தருவதாகச் சொல்லி, கைபேசி வழியே காசு அனுப்பும் ஈசி காஷில் பணம் கேட்டார்கள். மாமிக்கும் அழைப்பு வந்தது. அழைத்தவர் மகனின் பெயரையும் வழக்கையும் சரியாகச் சொன்னதால் அவர் முதலில் நம்பிவிட்டார். காக்கா அந்த இலக்கத்தைத் தம் கொப்பியில் எழுதி வைத்திருந்த இலக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “இது அவன்தான், அனுப்பாதீங்க” என்றார். பட்டியல் எப்படித் தயாராகிறது, யார் தகுதியானவர் என்று நீதிமன்ற வாசலிலோ பிரதேச செயலகத்திலோ ஒரு தாளில் ஒட்டியிருந்தால் இத்தகையவர்களுக்குப் பிழைப்பே இருந்திருக்காது.

கடையின் மற்ற வேலை சிறைக்குப் பொதி கட்டுவது. பார்வையிடல் நிறுத்தப்பட்டு, பிறகு கொஞ்சம் திறந்து, அலை வரும்போது மறுபடி மூடப்பட்டு என்று இரண்டு வருடங்கள் போயின. விளக்கமறியலில் உள்ளவருக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகும் வழக்கமும் அதோடு அடிபட்டது. எதை ஏற்பார்கள், எதைத் திருப்புவார்கள் என்பது வாரத்துக்கு வாரம் மாறியது. காக்கா பொதி கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குச் சிறை வாசலில் என்ன நடக்கும் என்பது தெரிந்துவிடும். லைபோய் சவர்க்காரத்தின் உறையைக் கழற்றி, கத்தியால் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய முகம் வெளியே தெரியும்படி வைப்பார். எப்படியும் அங்கே வெட்டித்தான் பார்ப்பார்கள், இங்கே வெட்டினால் சுத்தமான கத்தி. பற்பசையின் அட்டைப்பெட்டியை எடுத்துவிடுவார். சாரத்தை விரித்து உதறிய பிறகே மடிப்பார். காற்சட்டையின் இடுப்புக் கயிற்றை உருவி எடுத்து, அதைக் கொண்டுவந்த தாயின் கையிலேயே கொடுத்துவிடுவார். எல்லாவற்றையும் உள்ளே இருப்பது தெரியும் பொலிதீன் பையில் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வழக்கு இலக்கம், நீதிமன்றம், அடுத்த தவணை என்று மார்க்கரால் ஐந்து வரி எழுதுவார். முகக்கவசம் தட்டுப்பாடாக இருந்த மாதங்களில் துணியில் தைத்தவற்றைத் தாமாகவே இரண்டு வைத்தார். பிற்பாடு பில்லில் அவை இல்லாததைக் கண்டு கேட்டபோது, பக்கத்து வீட்டுப் பெண் தைத்தது என்று மட்டும் சொன்னார்.

மாமியின் மகனை நெரிசலைக் குறைப்பதற்கென்று இடையில் வேறொரு சிறைக்கு மாற்றியிருந்தார்கள். எந்தச் சிறை என்று எழுத வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். மாற்றியதை வீட்டுக்கு யாரும் அறிவிக்கவில்லை. அலுவலகம் ஒன்றுக்கு எடுத்த அழைப்புகள் அடித்து அடித்து ஓய்ந்தன. அவர் திரும்பி வந்து சொன்னவற்றில் எனக்கு மறக்காதது தண்ணீர் பற்றியது. இருபது விநாடி கை கழுவச் சொல்லும் படம் சுவரில் ஒட்டப்பட்டிருந்ததாம். குழாயில் தண்ணீர் வரும் நேரமோ காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். வாளி வைத்திருந்தவர் கழுவினார், மற்றவர் அவரிடம் கேட்டுக் கழுவினார். சிறையிலிருப்பவருக்கும் வெளியே உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரத்தில் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2015 இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் சொல்கின்றன. இங்கே கேட்டது மருத்துவம்கூட அல்ல, ஒரு வாளி.

2020 நவம்பரில் எல்லாம் இன்னும் மோசமாகியது. ஒக்டோபரில் தொடங்கிய இரண்டாவது அலை சிறைகளுக்குள் புகுந்தது. நவம்பர் 29 இல் மஹர சிறையில் பிசிஆர் பரிசோதனையும் விடுதலையும் கேட்டுக் கைதிகள் கிளர்ந்தபோது பதினொரு பேர் கொல்லப்பட்டார்கள்; நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். முதலில் கைதிகளுக்குள் நடந்த மோதல் என்று சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனைகளில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் வெளிப்பட்டன. அப்போதைய நீதி அமைச்சர் அலி சப்ரி ஓய்வுபெற்ற மேல் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு நியமித்தார். அந்த நாட்களில் அக்கரைப்பற்றுப் பகுதி தனிமைப்படுத்தப்பட்டிருந்தது; டிசம்பர் கடைசியில் கல்முனைக் கடைத்தெருவும் அடைபட்டது. ஆள் உள்ளே இருக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கு அச்சம் இரட்டிப்பு. சிறைக்குள் கொரோனாவால் இறந்தால் எரித்துவிடுவார்கள் என்ற நிலை 2021 பெப்ரவரி வரை இருந்தது. மார்ச்சில்தான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. தம் மகனுக்காக அல்ல, அவனுடைய மையித்துக்காக மனு எழுதிக் கேட்டு வந்த ஒரு தகப்பனைக் காக்கா திருப்பி அனுப்பவில்லை; மகன் உயிரோடுதான் இருக்கிறான் என்பதை உறுதிசெய்துகொடுத்துவிட்டு, பிணை மனுவுக்கு வேண்டிய கடதாசிகளைக் கட்டிக் கொடுத்தார்.

இந்தக் கடையில் ஒரு வகை வழக்குக்கு மட்டும் பேனை திறப்பதில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று சொன்னதும் காக்கா எழுந்து நின்று, சட்டத்தரணியிடம் போகச் சொல்லிவிடுவார். பயம் ஒரு காரணமாக இருக்கலாம். வேறொரு காரணமும் உண்டு. 1979 ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் கீழ் அடைபட்டவருக்கு நீதவான் தம் விருப்பில் பிணை கொடுக்க முடியாது என்பதால், வதிவிடச் சான்றிதழும் பிணையாளர் கோப்பும் அங்கே எதற்கும் உதவா. 2021 மே 18 இல் மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானில் முள்ளிவாய்க்கால் நினைவுகூரலுக்காகப் பத்துப் பேர் அந்தச் சட்டத்தின் கீழ் கைதானபோது, நோய் உச்சத்தில் இருந்த மாதங்களை அவர்கள் உள்ளேயே கழித்தார்கள்.

கடதாசி தேவைப்படாதவர்களும் அந்தக் காலத்தில் வெளியே வந்தார்கள் என்பதைச் சேவைகளை ஒப்பிடும் ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுத் தமிழர்களைக் கொன்றதற்காக 2015 இல் மரண தண்டனை பெற்ற இராணுவத்தினர் சுனில் ரத்நாயக்கவுக்கு, ஊரடங்கு போட்டு ஒரு வாரம் ஆகுமுன்பே, 2020 மார்ச் 26 இல் ஜனாதிபதியின் மன்னிப்புக் கிடைத்தது. மட்டக்களப்புச் சிறையில் 2015 முதல் விளக்கமறியலில் இருந்த கிழக்கு மாகாண முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தன் (பிள்ளையான்) 2020 ஓகஸ்ட் தேர்தலில் 54,198 வாக்குகள் பெற்று வென்று, சிறையிலிருந்தே பாராளுமன்றத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மாமிக்கு மாவட்ட எல்லையைத் தாண்டுவதே கனவாக இருந்த ஆண்டில் இவருக்குக் கொழும்பு வரை காவலோடு பயணம். நவம்பர் 24 இல் அவருக்குப் பிணை கிடைத்தது. 2021 ஜூன் 24, பொசனன்று, மன்னிப்புப் பெற்ற 94 பேரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்ற பதினாறு பேரும் இருந்தார்கள், கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவும் இருந்தார். பதினாறு குடும்பங்களின் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதவு எந்த முறைப்படி திறக்கிறது என்பது வரிசையில் நிற்கும் எவருக்கும் தெரியவில்லை. துமிந்த சில்வாவின் மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. காக்காவின் கடையில் குறைந்தபட்சம் எந்தக் கடதாசி இல்லாததால் வேலை நிற்கிறது என்பதையாவது முகத்துக்கு நேரே சொல்வார்கள்.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் இரகசியம் இல்லாமை. கடை ஐந்து பேர் நின்றால் நிறைந்துவிடும். அதற்குள் காக்கா உரத்த குரலில், “தூள் கேஸா, கசிப்புக் கேஸா?” என்று கேட்பார், பக்கத்தில் காணி உறுதி கொப்பி எடுக்க வந்தவர் திரும்பிப் பார்ப்பார். கூனிக்குறுகி நின்ற தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னால் தீரும் பிரச்சினை. நான் சொல்லியும் அவர் மாற்றவில்லை. இரண்டாவது, கொழும்பிலிருந்து வரும் சிங்களக் கடிதங்களை அவர் வாசிப்பார், ஆனால் சிங்களத்தில் பதில் எழுத இன்னொருவரைத் தேடித்தான் போக வேண்டும். பார்த்தால், கிழக்கில் உள்ள ஒரு தாய்க்கு அவருடைய மொழியில் கடிதம் அனுப்பாதவர்களின் குறையைக் கடைக்காரர் தலையில் போடுவது சரியில்லைதான். மூன்றாவது, தொற்றுக் காலத்தில்கூட உள்ளே இடைவெளி பேணப்படவில்லை. கைகழுவும் திரவம் மேசையில் இருந்தது, போத்தல் பெரும்பாலும் காலி.

விலையைப் பொறுத்தவரை புகார் இல்லை. 2020 இல் ஒரு பக்கக் கொப்பி 5 ரூபாவாக இருந்தது. 2022 இல் டொலர் இல்லாமல் கடதாசி தட்டுப்பட்டபோது விலையை ஏற்றினார், பிறகு முழுவதும் இறக்கவில்லை. எந்தக் கடையும் இறக்கவில்லை. கடிதம் எழுதுவதற்கு ஆளைப் பார்த்துக் காசு கேட்கிறார், இல்லாதவரிடம் கேட்பதில்லை. பொதிக்குப் பொருட்களின் விலை மட்டும்தான், கட்டுக்கூலி இல்லை. தண்டப்பணக் கணக்குக்கு யாரிடமும் காசு வாங்கியதை நான் காணவில்லை.

இப்போதும் வாரத்தில் ஓரிரு குடும்பம் அந்தக் கணக்குக்காக அங்கே வருகிறது. நெரிசல் குறைந்துவிட்டதாக உள்ளிருந்து வருகிறவர் எவரும் சொல்லவில்லை. போகிறவர்கள் தீர்ப்பின் பிரதியை, அது இல்லாவிட்டால் வழக்கு இலக்கத்தையாவது, எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளே போன திகதி சரியாகத் தெரிய வேண்டும், ஒரு நாள் பிசகினாலும் கட்ட வேண்டிய தொகை மாறும். பிணையாளராக நிற்பவரை நேரே கூட்டிப் போவது நல்லது. பொதிக்குப் புதுச் சாரம் வாங்க வேண்டாம், துவைத்த பழையதைத்தான் காக்கா விரும்புவார். காலை ஏழரைக்குத் திறக்கிறார். தவணை நாட்களில் எட்டரைக்குப் பிறகு நெருக்கம் அதிகம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகப் பன்னிரண்டுக்கு மூடினால் இரண்டுக்குத்தான் திறப்பார். அன்றைக்குப் பணம் கட்டி ஆளை எடுக்க நினைத்திருந்தால் முதல் நாளே போய்க் கடதாசிகளை முடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் உள்ளேதான் இருப்பார்.